கடைக்குப் போன பிள்ளை கல்விக் கண் திறந்த கதை



பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன ஒரு சிறுவனின் நினைவு வருகிறது. அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் பெருந்தலைவர் காமராசர் என்று போற்றப்பட்டவர்.

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், இன்று விருதுநகர் என்று வழங்கும் விருதுபட்டியில் குமாரசாமி, சிவகாமி தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். அப்பா தேங்காய் வியாபாரி. குடும்பம் குறையில்லாமல்தான் நடந்தது. மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா கண்ணை மூடினார். அம்மா தம் நகைகளை விற்று, மகனையும் மகள் நாகம்மாளையும் காப்பாற்றினார்.

காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை, ஊர் மக்கள் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளிக்கூடம். அங்கே சம்பளம் கட்டத் தேவையில்லை. அப்படியிருந்தும் பையனின் படிப்பு நின்றது. ஏன்? வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. பன்னிரண்டு வயதளவில் மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். அம்மா கெட்டவர் இல்லை, மாமா கெட்டவர் இல்லை, பையனும் மக்கு இல்லை. வறுமைதான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது. இதை நாம் மறக்கக் கூடாது.

கடையில் இருந்தபடியே நாட்டு நடப்பைக் கேட்டார், பத்திரிகை படித்தார், விடுதலைப் போரில் குதித்தார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். பிறகும் பல முறை சென்றார். மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையிலே புத்தகங்களைக் கொண்டு தாமே படித்துக்கொண்டார்.

1954 ஏப்ரலில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே ஒரு கல்வித் திட்டம் வந்திருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் அரைநாள் பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்பது அதன் போக்கு. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். காமராசர் அரசு அந்த ஆண்டிலேயே அதைக் கைவிட்டது. மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்தன, பள்ளியில்லாத ஊர்களுக்குப் புதிய பள்ளிகள் வந்தன.

ஆனால் பள்ளியைத் திறந்து வைத்தால் பிள்ளை வந்துவிடுமா? இங்கே பெரியவங்க சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. முதலமைச்சர் காரில் போகும்போது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சோறு யார் போடுவாங்க என்று பையன் திருப்பிக் கேட்டானாம். துணிக்கடைக்குப் போன பழைய காமராசருக்கு அந்தக் கேள்வி புரியாமல் இருக்குமா?

1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு துணை நின்றார். ஊர் மக்கள் அரிசியும் காய்கறியும் பணமும் கொடுத்தார்கள். அரசு தன் பங்கைப் போட்டது. அன்று ஓர் ஊரில் எடுத்து வைத்த பிடி அரிசி, இப்போது மாநிலம் முழுவதும் உலையில் கொதித்தது. அடுத்தடுத்துச் சீருடையும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு வரை இலவசப் படிப்பும் வந்தன.

எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள சிவகாசியிலேயே, 1980களிலும் சின்னப் பிள்ளைகள் தீப்பெட்டி, பட்டாசு வேலை செய்துகொண்டிருந்தார்கள். இந்தியாவில் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986இல். சட்டம் வேண்டியதுதான். ஆனால் பிள்ளையின் கூலியில்லாமல் வீட்டில் அடுப்பெரிய வழி வேண்டும். அதுவும் இருந்தால்தான் சட்டம் நிற்கும்.

நம்ம தோட்டத்துக் கதை மட்டும் வேறா? மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி வந்தது, ஆனால் இடங்கள் காலியாகக் கிடந்தன. விடியுமுன் அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்குப் போய்விடுவாங்க. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டில் நிற்பாள். அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒட்டுப்பால் பொறுக்கப் போவான். இதைப் படிக்கும் தாத்தா பாட்டிமாரில் எத்தனையோ பேர் அந்த அக்காளும் அண்ணனும்தான்.

காமராசர் 1963இல் தாமாகவே பதவி விலகினார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் சென்னையில் வாடகை வீட்டிலே காலமானார். சொந்த வீடில்லை, சொத்தில்லை. அவர் பிறந்த நாளைத் தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பெற்றோர்களே! ஒரு நாள்தானே என்று பிள்ளையை வேலைக்கு நிறுத்தாதீங்க. ஒரு நாள் இரண்டு நாளாகும், பிறகு பள்ளியே மறந்துபோகும். கஷ்டமென்றால் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்க, வெட்கமில்லை. வசதியுள்ளவர்களே! பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக ஒரு பிடி அரிசி எடுத்து வையுங்கள். மாணவமணிகளே! உங்களுக்குக் கிடைத்த இந்த இடம், அந்தச் சிறுவனுக்குக் கிடைக்காமற்போன இடம். அதைக் காலியாக விடாதீர்கள்.