இஷிரோ ஹோண்டா

இஷிரோ ஹோண்டா (மே 7, 1911 – பெப்ரவரி 28, 1993) ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் ஆவார். இவர் இயக்கிய கோஜிரா (1954) உலகப் புகழ்பெற்ற அறிவியல் புனைகதைத் திரைப்படமாகும். இது ஆங்கிலத்தில் காட்சில்லா என அறியப்படுகிறது.

வாழ்க்கை

யமகட்டா மாகாணத்தில் பிறந்த ஹோண்டா, 1933 இல் திரைப்படத்துறையில் சேர்ந்தார். கட்டாய இராணுவச் சேவையில் பல ஆண்டுகளைக் கழித்தார். சீனாவில் போர்க்கைதியாக இருந்து 1946 இல் நாடு திரும்பியபோது, அணுகுண்டால் அழிந்த ஹிரோஷிமாவைக் கண்டார்.

கோஜிரா

1954 மார்ச் 1 இல் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையின் கதிரியக்கத்தால் ஜப்பானிய மீனவர் 23 பேர் பாதிக்கப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 3 இல் கோஜிரா வெளியானது. குண்டுச் சோதனையால் வெளிவந்த பெருவிலங்கு டோக்கியோ நகரை அழிப்பதே இதன் கதை.

அமெரிக்கப் பதிப்பு

1956 இல் இப்படம் அமெரிக்காவில் 96 நிமிடங்களிலிருந்து 80 நிமிடங்களாகச் சுருக்கப்பட்டது. நடிகர் ரேமண்ட் பர் தோன்றும் காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அணுவாயுதம் பற்றிய உரையாடல்கள் பல நீக்கப்பட்டன. ஒளிநாடாக் காலத்திலும் அமெரிக்க மக்கள் பெரும்பாலும் இப்பதிப்பையே அறிந்திருந்தனர்.

பிற்காலம்

1980 முதல் தம் நண்பர் அகிரா குரோசாவாவின் படங்களில் துணைபுரிந்த ஹோண்டா, 1993 இல் டோக்கியோவில் காலமானார்.

வீட்டுக் காணொளி வெளியீடுகள்

ஹோண்டாவின் மூலப் பதிப்பு, அவர் மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 2004 இல் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. 2006 இல் இரு பதிப்புகளும் ஒரே டிவிடி தொகுப்பாக அங்கு விற்பனைக்கு வந்தன. 2012 இல் கிரைட்டீரியன் நிறுவனம் இவற்றை புளூ-ரேயிலும் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள 15 காட்சில்லா படங்களுள் எட்டு ஹோண்டா இயக்கியவை.