திப்புவை ஈன்ற அன்னை

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை ஏறிட்டு நோக்கும் நம்மவர் ஹைதர் அலியையும் திப்பு சுல்தானையும் நினைவு கூர்கின்றனர். திப்புவைப் பெற்றெடுத்த ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா அம்மையாரை நினைப்போர் சிலரே.

கடப்பைக் கோட்டையின் ஆளுநராயிருந்த மீர் முயீனுத்தீனின் புதல்வி இவர். ஹைதரின் முதல் மனைவி பெண்மகவு ஈன்றபின் நோயுற்று முடங்கவே, இவரை மணமுடித்தார். இவருக்கோ மகப்பேறு வாய்க்கவில்லை. தம்பதியர் ஆற்காடு சென்று திப்பு மஸ்தான் அவுலியா (ரஹ்) அவர்களின் தர்காவை ஜியாரத் செய்து, பிள்ளைச் செல்வம் வேண்டித் துஆ இறைஞ்சினர் என்பர். கொடுத்தவன் அல்லாஹ் என்பதை நாம் மறத்தலாகாது. பிள்ளையில்லை என்று மருமகளை மட்டும் குத்திப் பேசும் வழக்கம் ஓசூர் ஆலைப் பக்கம் குடியேறிய பின்னும் நம்மில் சிலரை விட்டபாடில்லை. அவர்கள், கணவரும் மனைவியும் சேர்ந்தே கையேந்தியதைக் கவனிக்கட்டும்.

1750இல் தேவனஹள்ளியில் பிறந்த மகனுக்கு அப்பெரியாரின் பெயரையே சூட்டினர்.

சோதனை அத்துடன் தீர்ந்ததா? இல்லை. 1760இல் கண்டேராவ் பகைத்தெழ, ஹைதர் இரவோடிரவாகத் தப்பி, நம் ஓசூரை அடுத்த ஆனேக்கல் வந்து சேர்ந்தார். மனைவியும் மகனும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பகைவனின் காவலில் சிக்கினர். ஏங்கிப் பெற்ற பிள்ளை, பத்து வயதளவில் ஒரு பாலகன்! மறு ஆண்டு ஹைதர் வென்று மீளும்வரை அந்தத் தாய் எண்ணிய நாட்களைத் தாய்மார்களே அறிவர்.

எழுத்தறியாத ஹைதர், மகனுக்குக் குர்ஆனும் பார்சியும் கற்பிக்கச் செய்தார்.

அம்மையார் இன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கும்பஸில், கணவரும் மகனும் துயிலும் அதே குவிமாடத்தின் கீழ் அடங்கியுள்ளார்.