ஆச்சாரிய ஸ்ரீ சாந்திசாகரரின் சமாதி மரணம்

புதுவை நகரில் வாழும் நம்மவர் பலருக்கும் செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று அறிமுகமானதே. 57 நாட்கள் அனசனம் நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசிதிகையை அக்குன்றின் பழங்கல்வெட்டு இன்றும் அறிவிக்கின்றது. அதே நெறியை நம் பாட்டனார் காலத்தில் நடத்திக் காட்டியவர், சாரித்திர சக்கரவர்த்தி எனப் போற்றப்பெறும் ஆச்சாரிய ஸ்ரீ சாந்திசாகரர் ஆவார்.

அவர் 1872-ஆம் ஆண்டு பெல்காம் பகுதியில், போஜ் கிராமத்தை அடுத்துப் பிறந்தார். இயற்பெயர் சாதகௌடா. அக்கால வழக்கப்படி 9 வயதில் மணம் முடிக்கப்பெற்றது. சில மாதங்களிலேயே அச்சிறுமி மறைந்தாள். மறுமணத்திற்கு அவர் இசையவில்லை. துறவில் நாட்டம் மிகுந்திருந்தும், பெற்றோர் விருப்பத்திற்கு இணங்கி அவர்கள் மறையும்வரை இல்லத்திலேயே இருந்தார். முதியோரைப் பேணுவதும் அறநெறியின் ஒரு படியே என்பதை இதனால் நாம் உணர்கின்றோம்.

1920-இல் யர்னாலில் முனிதீட்சை ஏற்றார். 1924-இல் சம்டோலியில் ஆச்சாரியர் ஆனார். தென்னாட்டிலிருந்து சம்மேத சிகர்ஜி வரையும் தில்லி வரையும் நடந்தே சென்று, அருகியிருந்த திகம்பர முனிநெறியை மீண்டும் தழைக்கச் செய்தார்.

முதுமையில் அவர்தம் கண்பார்வை மங்கியது. சிற்றுயிர்க்கும் தீங்கு நேராவண்ணம் நிலம் நோக்கி நடக்கும் ஈர்யா சமிதியை இனிக் காக்க இயலாது எனக் கண்டார். 1955 ஆகஸ்டு 14 அன்று, குலபூஷண, தேசபூஷண முனிவர்கள் முத்தியடைந்த குந்தல்கிரியில் சல்லேகனை ஏற்றார். ஆச்சாரியப் பொறுப்பை வீரசாகர முனிவரிடம் ஒப்புவித்தார். யாவரிடமும் மன்னிப்பு வேண்டினார். 36-ஆம் நாளான செப்டம்பர் 18 அன்று அமைதியுடன் உடல் நீத்தார்.

இதனைத் தற்கொலை என்போர் உளர். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றமும் அவ்வாறே கருதித் தடை விதித்தது. அம்மாதமே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நம் ஆகமமோ தெளிவானது. தீர்க்கவியலாத முதுமை, நோய், பஞ்சம், இடையூறு ஆகியவை நேர்ந்தபோதே சல்லேகனை தகும் என்று சமந்தபத்திரர் வகுத்தார். வாழும் வேட்கையைப் போலவே சாகும் வேட்கையையும் குற்றமாக எண்ணினார். அவரே நோயுற்று அனுமதி வேண்டியபோது, குரு மறுத்து, நோயைத் தீர்த்துவரப் பணித்தார் என்பது மரபு.

ஆகவே, தீரும் நோய்க்கு மருத்துவம் செய்வது நம் கடமை. மனச்சோர்வால் உணவை மறுப்பவரைத் தேற்றி, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் நம் கடமையே. இனித் தீராது என்று மருத்துவர் உரைத்தபின், வலியைத் தணித்து, அருகமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தை மெல்ல ஓதுவோம். சொத்தும் வழக்கும் அப்படுக்கையருகே பேசாதிருப்போம். பிரிவு நேர்ந்தபின் கண்ணீர் வருதல் இயல்பே. அதனை அடக்குமாறு எவரையும் வற்புறுத்த வேண்டா. போகும் உயிர் கலங்காது செல்லத் துணைநின்றோம் என்னும் நிறைவு, நாளடைவில் அத்துயரை ஆற்றும்.

சாந்திசாகரர் திருவடிகளை நினைந்து, நம் இல்லத்து முதியோர்க்கு அத்துணையாய் நிற்போமாக.