கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்

பெண்கள் பாடசாலையில் படித்தவர்களுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. பரிசளிப்பு விழா நாடகத்திலே அரசனும் நாமே, அமைச்சனும் நாமே, வேடனும் நாமே. கண்மையால் மீசை வரைந்து, அம்மாவின் சேலையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, பின் வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி குரலெடுத்துப் பாடிய அந்த மாலைகளை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். எமது ஊர்க் கூத்துக் களரியிலோ நிலைமை வேறாக இருந்தது. வற்றாப்பளை அம்மனின் கதையைச் சொல்லும் கோவலன் கூத்திலே கண்ணகியாகவும் மாதவியாகவும் ஆண்களே ஆடுவது பழைய வழக்கம். பாடத் தெரிந்த பெண்ணுக்குக் களரியில் இடமில்லை. பாயில் இருந்து பார்க்கவே இடமிருந்தது.

அப்படியொரு காலத்திலே பாட்டையும் நடிப்பையும் தொழிலாகக் கொண்டு, அறுபது வயது கடந்தும் அத்தொழிலிலே நிமிர்ந்து நின்ற ஒரு பெண்ணின் வாழ்க்கையை இந்த நூற்றாண்டு மலரில் நினைவுகூர விரும்புகின்றோம். அவர் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். அவருடைய கலை வாழ்வின் ஒரு முக்கிய திருப்பம் எமது இலங்கை மண்ணிலே நிகழ்ந்தது என்பதும் அவரைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அவர் பிறந்தார். தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்தார். தாயார் பாலாம்பாள் பிள்ளைகளோடு வறுமையில் தவித்தார். குடும்பத்தின் பசியைத் தீர்க்கச் சிறுமி சுந்தராம்பாள் புகையிரதத்தில் பாடிக் காசு சேர்த்தார். அந்தக் குரலைக் கேட்ட நாடக ஆர்வலர் ஒருவரின் உதவியால் வேலு நாயரின் நாடகக் கம்பனியில் அவருக்கு இடம் கிடைத்தது. முதலில் கிடைத்தவை ஆண் குழந்தை வேடங்கள். நல்லதங்காள் நாடகத்திலே பசியால் அழும் பிள்ளையாக அவர் பாடியபோது சபை கண்கலங்கியது. பசியை அவர் நாடக வாத்தியாரிடம் கற்க வேண்டியிருக்கவில்லை.

அக்கால நாடகத் தொழிலின் அமைப்பை இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று விளக்க வேண்டும். மேல்நாட்டில் ஒப்பெரா என்று ஒரு கலை உண்டு. கதை முழுவதையும் பாட்டாலே நடத்துவார்கள். ஒலிவாங்கி இல்லாமல் பெரிய மண்டபத்தை நிறைக்கும் குரல் வேண்டும். வாத்தியக் குழுவை வழிநடத்த ஒருவர், மேடையை ஒழுங்குபடுத்த ஒருவர் என்று தனித்தனிப் பொறுப்பாளர் இருப்பர். தமிழில் அதற்கு மிக அண்மையில் நிற்பது இசைநாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) அதற்கான நாடகங்களை எழுதினார், பாட்டுகளைப் பயிற்றினார், வாத்தியாராக நின்று மேடையேற்றினார். எமது அண்ணாவிமார் கூத்திலே செய்யும் பணியும் இதுவே. மேடையில் ஆர்மோனியக்காரர் சுருதியையும் வேகத்தையும் பிடித்துக்கொடுப்பார். நாடகம் இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும்.

இதிலே ஸ்பெஷல் நாடகம் என்ற முறை ஒன்று இருந்தது. எந்தக் கம்பனியிலும் நிரந்தரமாகச் சேராமல், கொந்தராத்துக்காரர் அழைத்த ஊருக்கு ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே வந்து சேர்வார்கள். ஒத்திகை இல்லை. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் எல்லோருக்கும் மனப்பாடம். எதிரே நிற்பவர் பாட்டாலும் தர்க்கத்தாலும் மடக்கினால் அந்த இடத்திலேயே பதில் பாட வேண்டும். தவறினால் சபை கூச்சலிடும். பெயர் பெற்றால் அடுத்த ஊரில் ஊதியம் உயரும். குரல் ஒன்றுதான் முதல். குரல் கட்டினால் அன்றைய வருமானம் இல்லை. இத்தொழிலிலேதான் சுந்தராம்பாள் வளர்ந்தார்.

1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர் இந்திய நாடகக்காரர் இலங்கைக்கு வருவது எளிதாயிற்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கொட்டகைகள் நிறைந்தன. எமது வடபகுதியில் இசைநாடகம் வேரூன்றியதும் அவர்கள் வருகையால்தான். சுந்தராம்பாளும் இளவயதிலேயே இங்கு வந்து புகழ்பெற்றார். செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா அப்போது கன்னையா கம்பனியில் நடித்துப் பெயர் பெற்றிருந்தவர். உச்சத்தில் நின்று உலவும் குரல் அவருடையது. 1926 இல் கொழும்பிலே இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். ஒருவர் குரலுக்கு மற்றவர் குரல் சளைக்கவில்லை. அதன்பின் அந்த இணையைக் காணச் சனம் திரண்டது.

1927 இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். இந்த மணவாழ்வில் அன்பும் இருந்தது, மனக்கசப்பும் பிரிவும் இருந்தன. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. 1933 டிசம்பர் 2 ஆம் திகதி கிட்டப்பா தமது 27 ஆவது வயதில் காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது.

அன்று அவர் வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆண் நடிகரோடும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இதைக் கற்பின் சிறப்பாகவே பலரும் எழுதியுள்ளனர். நாம் இன்னொன்றையும் காண்கின்றோம். அந்நாளில் வெள்ளை உடுத்த பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டே இடம். நல்ல காரியத்துக்கு எதிரே வரக்கூடாது, சபையில் முன்னே நிற்கக்கூடாது. சுந்தராம்பாளோ சில காலம் ஒதுங்கியிருந்த பின்னர் அதே வெள்ளைச் சேலையோடும் நெற்றி நிறைந்த திருநீற்றோடும் மேடைக்குத் திரும்பினார். ஆண் துணையில்லாமல் நடிக்க நந்தனார் வேடத்தைத் தாமே ஏற்றார். எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்ற எல்லையை அவரே வகுத்தார்; கொட்டகைக்காரர் அதற்கு இணங்கினர்.

நந்தனாரைத் திரைப்படமாக்க விரும்பியவர்கள் அவரை நாடினர். அவருக்கு விருப்பமில்லை. கேட்டவர்கள் திரும்பிப் போகட்டும் என்று எண்ணியே ஒரு இலட்சம் ரூபா கேட்டார் என்பர். அவர்கள் கொடுத்துவிட்டார்கள். 1935 இல் வெளியான அப்படத்தில் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். நந்தனாராக ஒரு பெண். பத்திரிகைகள் சில கிண்டல் செய்தன. எனினும் புகையிரதத்தில் பாடிய பிள்ளையின் குரலுக்கு இலட்சம் ரூபா பெறுமதி உண்டு என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

பின்னர் அவர் அளவோடு தெரிந்தெடுத்தே நடித்தார். 1940 இல் மணிமேகலை. 1953 இல் ஜெமினி நிறுவனத்தின் அவ்வையார். 1964 இல் பூம்புகார். 1965 இல் திருவிளையாடல். துறவி, புலவர், அடியார் என்று அவர் ஏற்ற வேடங்களைப் பார்த்தால், ஒருவரின் காதலியாகவோ மனைவியாகவோ அல்லாமலும் ஒரு பெண் கதையின் நடுவே நிற்கலாம் என்பது விளங்கும். பூம்புகாரில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாகும் கவுந்தியடிகளாக அவர் வந்தபோது, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் கூடும் எமது சனத்துக்கு அக்கதை புதியதாக இருக்கவில்லை. ஞானப்பழத்துக்காகக் கோபித்துப்போன முருகனை அவ்வையாராக நின்று அவர் தேற்றிய பாட்டு இன்றும் எமது கோயில் ஒலிபெருக்கிகளில் கேட்கின்றது.

மேடைக்கு வெளியிலும் அவருக்கு இடம் இருந்தது. சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் இந்திய விடுதலை இயக்கத்துக்காக ஊர் ஊராகச் சென்று பாடினார். 1951 இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1966 இல் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கியது. துணைவன் படப் பாடலுக்காக 1969 ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்தியத் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது, குரல் தளரவில்லை. 1970 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980 செப்டெம்பரில் இவ்வுலகை நீத்தார்.

கிட்டப்பாவோடு அவர் வாழ்ந்தது ஆறு ஆண்டுகள். அதன்பின் தனித்து நின்று உழைத்தது ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள். அந்த நாற்பத்தாறு ஆண்டுகளைத்தான் எமது பழைய மாணவிகளின் முன் வைக்க விரும்புகின்றோம்.

முல்லைத்தீவிலே பிறந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2009 இற்குப் பின்னர் எமது ஊர்களில் எத்தனை வீடுகளைப் பெண்கள் தனித்து நின்று தூக்கிப்பிடித்தார்கள் என்பது எமக்குத் தெரியும். அவர்களில் எமது வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவர்களும் உண்டு. தையல் மெசின் மிதித்தும், தோட்டம் செய்தும், மீன் கருவாடாக்கியும், படிப்பித்தும் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் அவர்கள். ஆனால் கலியாண வீட்டிலே ஆலத்தி எடுக்க அழைத்தால் இன்றும் பின்வாங்கி நிற்கிறார்கள். நாமும் பேசாமல் இருந்துவிடுகின்றோம். வெள்ளைச் சேலையோடு அவ்வையாராகத் திரையில் தோன்றியவரைக் கைகூப்பி வணங்கிய நாம், பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் ஏன் கதவுக்குப் பின்னால் நிற்க விடுகின்றோம்?

எல்லோரும் சுந்தராம்பாளைப் போல வெள்ளையே உடுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது அவர் தெரிந்தெடுத்த வழி. நிறச்சேலை உடுப்பதும் பொட்டு வைப்பதும் மறுமணம் செய்வதும் அவரவர் தெரிவு. தெரிவு தன்னுடையதாக இருந்தால் எந்தச் சேலையும் ஒருத்தியைப் பின்னுக்குத் தள்ளாது என்பதே அவர் வாழ்வில் நாம் படிக்கும் பாடம்.

இன்னொன்று. வகுப்பிலே நன்றாகப் பாடும் பிள்ளையின் பெற்றோர், சங்கீதம் சோறு போடுமா என்று கேட்பது எமக்குப் பழகிய கேள்வி. கொடுமுடியில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டதே அந்தப் பாட்டுத்தான். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் எமது சகோதரிகள் ஊர்ப் பாடசாலைக்கு உதவ எண்ணும்போது, கணினிக்கும் கட்டடத்துக்கும் அடுத்ததாக ஒரு ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றாண்டு விழா மேடையிலே குத்துவிளக்கு காத்திருக்கின்றது. பிரதம விருந்தினர் ஒரு சுடர் ஏற்றட்டும், அதிபர் ஒரு சுடர் ஏற்றட்டும். அடுத்த சுடரை ஏற்ற, கணவனை இழந்து தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்தெடுத்த எமது பழைய மாணவி ஒருவரை அழைப்போம். அவர் தயங்கினால் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிச் செல்வோம்.