பந்தோடு ஓடக்கூடாது என்றவர் டிரிபிளிங்கை ஏன் விட்டுவைத்தார்? கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் கதை

கூடைப்பந்து மேட்ச். ஒரு பிளேயருக்கு பாஸ் வருகிறது. பிடிக்கப் போகும்போது பந்து கையில் பட்டு நழுவி, தரையில் ஒருமுறை எகிறுகிறது. ஓடிப்போய் எடுத்தவர், அப்படியே டிரிபிள் பண்ண ஆரம்பிக்கிறார். கேலரியில் பாதிப் பேர் டபுள் டிரிபிள் என்று கத்துகிறார்கள். நடுவர் விசில் ஊதவே இல்லை.

நடுவர் செய்தது சரிதான். ஏன் சரி என்று புரிய வேண்டும் என்றால், 130 வருடங்களுக்கு முன்பு இந்த விளையாட்டை உருவாக்கியவரிடம் போக வேண்டும். அவர் எழுதிய விதிகளில் டிரிபிளிங் என்ற ஒன்றே கிடையாது என்பதுதான் இதில் ஆச்சரியம்.

யார் இந்த நெய்ஸ்மித்?

1861 நவம்பர் 6-ம் தேதி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்மான்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 9 வயதில் அப்பா, அம்மா இருவரையும் டைஃபாய்டு காய்ச்சல் கொண்டுபோனது. மாமா வீட்டில் வளர்ந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மரம் வெட்டும் முகாமில் கூலி வேலை பார்த்தார். பிறகு மனம் மாறி, மறுபடியும் படிக்கப் போனார்.

மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம், அடுத்து இறையியல் படிப்பு. கூடவே ரக்பி. மதபோதகராக வேண்டியவர் மைதானத்தில் முட்டி மோதுவது அந்தக் காலத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிரசங்கம் செய்துதான் இளைஞர்களை நல்வழிப்படுத்த முடியும் என்றில்லை, விளையாட்டாலும் முடியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையோடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்.

14 நாள் கெடு

1891 குளிர்காலம். வெளியே பனி. ஜிம்முக்குள் ஒரே மாதிரி உடற்பயிற்சி செய்து அலுத்துப்போன 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு யார் சொல்பேச்சும் கேட்கவில்லை. உள்ளரங்கில் விளையாட ஒரு புது விளையாட்டை 14 நாளில் கண்டுபிடித்துத் தரும்படி துறைத் தலைவர் லூதர் குலிக் நெய்ஸ்மித்திடம் கேட்டுக்கொண்டார்.

நெய்ஸ்மித் ரக்பியில் இருந்து யோசித்தார். ரக்பியில் ஏன் ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள்? அவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதால். ஓட்டத்தை எடுத்துவிட்டால் தள்ளுமுள்ளும் போய்விடும். சிம்பிள். கோல் தலைக்கு மேலே இருந்தால், பலமாக எறிவதிலும் பயனில்லை; குறி பார்த்துத்தான் போட வேண்டும். பீச் பழம் போட்டு வைக்கும் இரண்டு கூடைகளை 10 அடி உயரத்தில் பால்கனிக் கம்பியில் மாட்டினார்கள். டிசம்பர் 21-ல் விளையாட்டு தொடங்கியது. மொத்தம் 13 விதிகள்.

அதில் 3-வது விதிதான் நம் கதைக்கு முக்கியம். பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். வேகமாக ஓடிவந்து பிடித்தவருக்கு மட்டும், நிற்க முயல்கிறார் என்றால் கொஞ்சம் சலுகை. அதாவது, எது ஓட்டம், எது நிற்கும் முயற்சி என்பதை நடுவரே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

விதியில் ஓட்டை போட்ட பிளேயர்கள்

பந்து கையில் இருக்கிறது. முன்னால் ஒருவர் கையை விரித்து மறித்து நிற்கிறார். பாஸ் கொடுக்க ஆள் இல்லை, ஓடவும் முடியாது. என்ன செய்வது?

பந்தை வேண்டுமென்றே தரையில் உருட்டிவிட்டு, தானே ஓடிப்போய் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து, தரையில் தட்டித் தட்டி எடுத்தார்கள். சிலர் பந்தைத் தலைக்கு மேலே தட்டிவிட்டுக்கொண்டே ஓடினார்கள். இது பந்தோடு ஓடுவதா? இல்லையே, பந்து கையிலேயே இல்லையே! இங்கதான் விதியை எழுதியவரே யோசிக்க வேண்டியிருந்தது.

நெய்ஸ்மித் இதை ஏமாற்று வேலையாகப் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்ட ஒருவர் தப்பிக்கக் கண்டுபிடித்த புத்திசாலித்தனமான வழி என்றே எடுத்துக்கொண்டார். பந்தைக் கையிலிருந்து விடும் அந்த நொடியில் எதிரணிக்கும் அதைப் பறிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அதனால் விளையாட்டின் நியாயம் கெடவில்லை. 1890-களின் பின்பாதியில் யேல் பல்கலைக்கழக அணி டிரிபிளிங்கை ஒரு தாக்குதல் ஆயுதமாகவே மாற்றியது. இத்தனைக்கும் அன்றைய பந்து கயிறு கட்டித் தைத்தது. ஒரே மாதிரி எகிறாது.

அதன் பிறகு விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு கையால் தட்டக்கூடாது, நிறுத்தினால் மறுபடி தொடங்கக்கூடாது என்று கட்டுப்பாடுகள் சேர்ந்தன. டிரிபிள் செய்தவர் கூடையில் போடக்கூடாது என்றுகூட ஒரு காலத்தில் இருந்தது.

1927: டிரிபிளிங் போயே போச்சு?

இதற்குள் நெய்ஸ்மித் மருத்துவப் பட்டமும் வாங்கி, 1898-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். அங்கே அவர் பயிற்சியாளராக இருந்த காலக் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. ஆமாம், விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான் கன்சாஸ் வரலாற்றில் தோல்வி அதிகமாக உள்ள ஒரே பயிற்சியாளர்! ஜெயிப்பதைவிட விளையாடுவது முக்கியம் என்று நினைத்தவர் அவர்.

1927-ல் விதிக்குழு ஒரு குண்டு போட்டது. பந்தை ஒரே ஒரு முறைதான் தட்டலாம் என்றது. ஒருவரே பந்தை வைத்துக்கொண்டிருந்தால் பாஸ், டீம்வொர்க் எல்லாம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். நெய்ஸ்மித்தின் மாணவரான ஃபாக் ஆலன் கொதித்தெழுந்து பயிற்சியாளர்களைத் திரட்டினார். அப்படிப் பிறந்ததுதான் அமெரிக்காவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கம். நெய்ஸ்மித்தும் டிரிபிளிங் பக்கமே நின்றார். முடிவு வாபஸ். அது மட்டும் நிலைத்திருந்தால், ஆலன் ஐவர்சன், ஸ்டீபன் கரி போன்றவர்களின் ஆட்டத்தை நாம் பார்த்திருக்கவே முடியாது.

டிரிபிளிங் இல்லாத கூடைப்பந்து எப்படி இருக்கும் என்பதை நெய்ஸ்மித் நேரிலேயே பார்க்க நேர்ந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் இறுதிப்போட்டி, அமெரிக்கா - கனடா. திறந்தவெளி மண் கோர்ட், கொட்டும் மழை. சேற்றில் பந்து எகிறவே இல்லை. ஸ்கோர் 19-8. வென்றவர்களுக்குப் பதக்கம் கொடுத்தது 74 வயது நெய்ஸ்மித். அவரை பெர்லினுக்கு அனுப்பப் பணம் திரட்டியவர்களும் அந்தப் பயிற்சியாளர்கள்தான்.

இன்று நடுவர் என்ன பார்க்கிறார்?

சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளில் அந்தப் பழைய கேள்வி இன்றும் இருக்கிறது. பந்து பிளேயரின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இல்லையா?

• கட்டுப்பாட்டில் உள்ள பந்தைத் தரையில் உருட்டிவிட்டு மறுபடி தொட்டாலும் அது டிரிபிள்தான். அன்றைய பிளேயர்கள் செய்த அதே வேலை.

• டிரிபிள் செய்யும்போது பந்தை மேலே தூக்கிப் போடலாம். ஆனால் அது தரையையோ வேறொரு பிளேயரையோ தொடும் முன் அவரே மறுபடி கையால் தொடக்கூடாது. தலைக்கு மேல் தட்டிக்கொண்டே ஓடும் கதை முடிந்தது.

• பந்து கையில் படாத நேரத்தில் எத்தனை அடி வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம்.

• பந்தோடு விழுந்து சறுக்கினால் தப்பில்லை. பந்தைப் பிடித்தபடி உருண்டாலோ, எழ முயன்றாலோ டிராவலிங்.

• கை நழுவுவது டிரிபிள் ஆகாது. பந்து இன்னும் அவர் கட்டுப்பாட்டுக்கே வரவில்லை. முதலில் பார்த்த காட்சியில் விசில் ஊதாததற்கு இதுதான் காரணம்.

1939 நவம்பர் 28-ல், 78 வயதில், கன்சாஸின் லாரன்ஸ் நகரில் நெய்ஸ்மித் காலமானார். ஸ்ப்ரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கியதுதான் இன்றைய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 13 விதிகள் டைப் அடிக்கப்பட்ட அந்த இரண்டு தாள்கள் 2010-ல் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. இப்போது அவை கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. டிரிபிள் என்ற வார்த்தையை அதில் எங்கே தேடினாலும் கிடைக்காது.