செங் ஹே: கல்லில் இருப்பதும் இல்லாததும்

கொழும்பு தேசிய நூதனசாலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டின் முன் அவர்களை நிறுத்துவேன். அதை இங்கே கொண்டுவந்தவர் சீனத் தளபதி செங் ஹே. அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்றதும் பிள்ளைகளின் முகம் மலரும்.

1371இல் யுனான் மாகாணத்தில் பிறந்தார். வாப்பாவும் பாட்டனாரும் ஹாஜிகள். பத்து வயதளவில் மிங் படையினர் சிறைபிடித்து, ஆண்மை நீக்கி, இளவரசர் சூ டியிடம் ஊழியத்துக்கு விட்டனர். அந்த இளவரசரே பின்னர் யொங்லோ பேரரசரானார். அடிமைச் சிறுவன் தளபதியானார். 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்கள். கடைசிப் பயணத்தில் அவரது ஆட்கள் மக்கா வரை போனார்கள்.

1409ஆம் ஆண்டுக் கல்லில் சீன மொழி புத்தருக்கும், தமிழ் தேவேந்திரமுனையின் தெய்வமான தேனாவரை நாயனாருக்கும், பாரசீகம் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. நம்மவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் நிறுத்துவதில்லை. அதே செங் ஹே இங்கே போரிட்டு, அழகக்கோனாரைக் குடும்பத்தோடு சிறைபிடித்து 1411இல் சீனாவுக்குக் கொண்டுபோனார். பேரரசர் பிறகு விடுவித்தார் என்பது வேறு கதை. சிறுவயதில் தானே கைதியாக இழுத்துச் செல்லப்பட்டவர் அல்லவா? அந்தக் கப்பலில் அவருக்கு அது நினைவு வந்திருக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

சீன மரபைத் தேடி ஜாவாவின் செமராங் போகிறவர்கள் சாம் போ கோங் கோவிலைப் பார்க்கலாம். ஹாஜியின் மகனுக்கு அங்கே ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.