ஆசான் மறுத்ததை மாணாக்கர் நிறுவினார்

கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியவர் யார் என வினவின், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என நம் மாணவர் உடனே விடை பகர்வர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத இளைஞர்களுக்காக, பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்தில் மாட்டி அவர் அவ்வாட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆயின், அவ்வாட்டத்திற்குப் பயிற்றுநர் என்றொரு பணி உண்டென நிலைநாட்டியவர் யார் என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே. அவர் நெய்ஸ்மித்தின் மாணாக்கர். ஃபாரஸ்ட் கிளேர் ஆலன் என்பது அவர்தம் பெயர்.

1885 நவம்பர் 18ஆம் நாள் மிசௌரி மாநிலத்தின் ஜேம்ஸ்போர்ட்டில் ஆலன் பிறந்தார். இளமையில் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றபோது அவரது குரல், மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகுழலை ஒத்திருந்ததாம். அதனால் மூடுபனியைக் குறிக்கும் ஃபாக் என்னும் சொல்லே அவருக்குப் பட்டப்பெயராயிற்று. இயற்பெயரைப் பலரும் மறக்கும் அளவிற்கு அது நிலைத்தும்விட்டது.

கான்சாஸ் நகர அணியின் ஆட்டக்காரராக 1905இல் அவர் பெயர் பெற்றார். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த பஃபலோ ஜெர்மன்ஸ் அணியைத் தம் ஊருக்கு வரவழைத்து, மூன்று ஆட்டங்கள் கொண்ட தொடரில் வென்ற அணியில் அவரும் ஒருவர். பின்னர் லாரன்ஸ் நகரிலுள்ள கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நெய்ஸ்மித்தின் கீழ் ஆடினார்.

அப்போதுதான் நாம் சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அருகிலிருந்த பேக்கர் பல்கலைக்கழகம் தன் அணிக்குப் பயிற்சியளிக்க வருமாறு ஆலனை அழைத்தது. செய்தியறிந்த நெய்ஸ்மித் நகைத்தார். இவ்வாட்டத்தை ஆடத்தான் இயலும், பயிற்றுவிக்க இயலாது என்பது அவர் கருத்து. ஆட்டத்தைப் படைத்தவரே அவ்வாறு கூறும்போது இருபது வயது இளைஞர் ஒருவர் என் செய்வார்? ஆலன் பணிவோடு கேட்டுக்கொண்டார். பிறகு பேக்கருக்குச் சென்று பயிற்சியளிக்கத் தொடங்கினார்.

நெய்ஸ்மித்தை இதன்பொருட்டுக் குறைகூறுதல் முறையன்று. அவர் மருத்துவம் பயின்றவர். சமயக் கல்வி பெற்றவர். உடல்நலமும் நற்பண்பும் வளர்க்கும் கருவியாகவே ஆட்டத்தைக் கண்டார். வெற்றி தோல்வி அவருக்குப் பொருட்டன்று. கான்சாஸில் அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. அப்பல்கலைக்கழகப் பயிற்றுநருள் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் ஆட்டத்தைப் படைத்த அவர் ஒருவரே என்பது வியப்பன்றோ!

1907இல் கான்சாஸ் அணியின் பொறுப்பு ஆலனிடம் வந்தது. ஈராண்டுகளுக்குப் பின் அவர் அதனை விட்டு, எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்யும் ஆஸ்டியோபதி மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். அக்கல்வி வீண்போகவில்லை. ஆட்டக்காரரின் முழங்காலையும் முதுகையும் அறிந்தவராகவே பின்னாளில் அவர் பயிற்றுவித்தார். வாரன்ஸ்பர்க் ஆசிரியர் கல்லூரியில் சில ஆண்டுகள் பணியாற்றியபின், 1919இல் கான்சாஸிற்குத் திரும்பி 1956 வரை அங்கேயே நிலைத்தார்.

களத்திற்கு வெளியே அவர் ஆற்றிய தொண்டினை நாம் பெரிதும் மதிக்கிறோம். 1927இல் ஆட்ட விதிக்குழுவினர், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னேறுவதை ஒரே தட்டோடு நிறுத்திவிட முடிவு செய்தனர். அவ்விதி நிலைத்திருந்தால் இன்று நாம் காணும் கூடைப்பந்தே இராது. ஆலன் பயிற்றுநர்களை ஒன்றுதிரட்டித் தேசியப் பயிற்றுநர் சங்கத்தை நிறுவினார், விதி கைவிடப்பட்டது. அச்சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. கூடைப்பந்தினை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டுமென அவர் பல்லாண்டுகள் வாதிட்டார். 1936இல் பெர்லினில் அது நிறைவேறிற்று. பயிற்றுநர் சங்கம் திரட்டிய நிதியால் முதிய நெய்ஸ்மித் பெர்லின் சென்று, தம் ஆட்டம் ஒலிம்பிக்கில் தொடங்குவதைக் கண்டார். மாணாக்கர் ஆசானுக்கு அளித்த காணிக்கை என்றே இதனைக் கூறலாம். மூன்றாண்டு கழித்து நெய்ஸ்மித் மறைந்தார்.

ஆலன் சொன்ன யாவும் நிறைவேறவில்லை. வளையத்தை 10 அடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்த வேண்டுமென அவர் ஓயாது கூறிவந்தார், கேட்பாரில்லை.

1952இல் கான்சாஸ் அணி, இறுதியாட்டத்தில் செயின்ட் ஜான்ஸ் அணியை 80–63 என வென்று தேசியக் கல்லூரிப் பட்டம் பெற்றது. 33 புள்ளிகள் ஈட்டிய கிளைட் லவ்லெட் உள்ளிட்ட அவ்வணியினர் எழுவர் அவ்வாண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றனர். 1955 மார்ச்சில் பல்கலைக்கழகம் தன் புதிய ஆட்ட அரங்கிற்கு ஆலனின் பெயரைச் சூட்டியது. அவ்வரங்கு நிற்கும் சாலைக்குப் பெயர் நெய்ஸ்மித் சாலை.

இனி வருவது வருந்தத்தக்க பகுதி. ஏழடி உயர வில்ட் சேம்பர்லினைப் பல கல்லூரிகள் போட்டியிட்டு அழைத்தன. அவரைக் கான்சாஸிற்குக் கொணர்ந்தவர் ஆலன். முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடுதல் ஆகாது என்பது அன்றைய விதி. எனவே 1955 நவம்பர் 18 அன்று முதலாண்டு அணியும் முதன்மை அணியும் தமக்குள் மோதின. 42 புள்ளிகள் எடுத்த சேம்பர்லினால் முதலாண்டினர் வென்றனர். அன்று ஆலனுக்கு எழுபது வயது நிறைந்தது. எழுபதோடு பணி ஓய்வு என்பது அரசு விதி. அவருக்கு விலக்களிக்கக் கேட்ட கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1956இல், தாம் தேடிக் கொணர்ந்த ஆட்டக்காரரை ஓராட்டத்திலேனும் வழிநடத்தாமலே அவர் விலகினார். மறு ஆண்டு இறுதியாட்டத்தில் கான்சாஸ், மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பின், வட கரோலினாவிடம் 54–53 என ஒரு புள்ளியில் தோற்றது. ஆலன் இருந்திருந்தால் என்னும் வினா லாரன்ஸில் எழாதிருக்குமா? விதி பொதுவானதே, ஆயினும் அவ்வோராண்டை அளித்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கான்சாஸில் மட்டும் 590 வெற்றிகள் ஈட்டிய ஆலன், 1974 செப்டம்பர் 16 அன்று லாரன்ஸில் காலமானார். அவரிடம் பயின்ற அடால்ஃப் ரப், கென்டக்கியின் பயிற்றுநராகி 876 வெற்றிகளோடு அவரை விஞ்சினார். 1952 அணியில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக அமர்ந்திருந்த டீன் ஸ்மித், வட கரோலினாவின் பயிற்றுநராகி 1997இல் 879 வெற்றிகளோடு ரப்பையும் விஞ்சினார்.